தொட்டிக்குள் ஒரு பந்து!

ஃப்ளஷ் டேங்கில் தண்ணீர் நிறைந்ததும் குழாயை மூடுவது யார்? மின்சாரம் இல்லை, ஆளும் இல்லை. ஆனாலும் சரியான அளவில் தண்ணீர் நின்றுவிடுகிறதே! யோசித்திருக்கிறீர்களா, தம்பி தங்கைகளே?

வீட்டில் பெரியவர் ஒருவரை டேங்க் மூடியைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். (பீங்கான் மூடி என்றால் கனமாக இருக்கும், நீங்கள் தூக்க வேண்டாம்.) முகம் சுளிக்காதீர்கள். உள்ளே இருப்பது குழாயில் வரும் அதே தண்ணீர்தான்!

உள்ளே ஒரு பந்து மிதக்கும். புது டேங்குகளில் பந்துக்குப் பதில் குட்டி டப்பா இருக்கும். தண்ணீர் ஏற ஏற அதுவும் மேலே ஏறும். அதோடு இணைந்த கம்பி, தண்ணீர் வரும் வால்வை அழுத்தி மூடிவிடும். அவ்வளவுதான் ரகசியம்!

தொட்டியின் அடியில் ஒரு ஓட்டை. அதன் மேல் ரப்பர் மூடி. தொட்டித் தண்ணீரின் எடையே அதை அழுத்திப் பிடித்திருக்கும். கைப்பிடியைத் திருகினால் மூடி தூக்கப்படும். தண்ணீர் ஒரே பாய்ச்சலாகக் கீழே இறங்கும். கையை எடுத்தாலும் மூடி உடனே விழாது. அதற்குள் காற்று இருப்பதால் மிதக்கும். தண்ணீர் தீர்ந்த பிறகுதான் கீழே வந்து உட்காரும். பட்டன் வைத்த டேங்குகளில் அமைப்பு கொஞ்சம் மாறும், வேலை ஒன்றுதான்.

பக்கத்தில் நிற்கும் குழாய் எதற்கு? பந்து பழுதாகி வால்வு மூடாமல் போனால், அதிகத் தண்ணீர் இதன் வழியாகக் கோப்பைக்குள் போய்விடும். தரை நனையாது. நல்ல ஏற்பாடுதான். ஆனால், தண்ணீர் வீணாவது யாருக்கும் தெரியாது! ரப்பர் மூடியில் உப்பு படிந்து கசிந்தாலும் இதே கதைதான்.

ஐந்து நிமிடத்துக்கு ஒரு டம்ளர், அதாவது 200 மில்லி லிட்டர் கசிகிறது என்று வையுங்கள். ஒரு நாளைக்கு 57 லிட்டருக்கு மேல் போய்விடும்! கிட்டத்தட்ட நான்கு குடம். 2019 கோடையில் சென்னையில் ஒரு குடம் தண்ணீருக்காக லாரி முன்னால் வரிசையில் நின்றவர்களிடம் கேட்டால், நான்கு குடத்தின் அருமையைச் சொல்வார்கள்.

இந்தத் திருட்டுக் கசிவைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை. கேசரிப் பவுடரைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து டேங்கில் ஊற்றுங்கள். அரை மணி நேரம் யாரும் ஃப்ளஷ் செய்யக் கூடாது. பிறகு கோப்பையைப் பாருங்கள். தண்ணீர் நிறம் மாறியிருந்தால், கசிவு இருக்கிறது!

ரப்பரில் உப்புதான் படிந்திருக்கிறது என்றால் துடைத்தாலே போதும். ரப்பர் தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும், பெரிய செலவில்லை. தண்ணீர் மேல்குழாய்க்குள் வழிந்துகொண்டே இருந்தால் குற்றவாளி பந்து. அதைச் சற்று கீழே இறக்கி வைக்க வேண்டும். எதுவானாலும், டேங்குக்குத் தண்ணீர் வரும் குழாயை முதலில் மூடச் சொல்லுங்கள்.

உங்கள் டேங்கில் இரண்டு பட்டன் இருக்கிறதா? சிறுநீருக்குச் சின்னது போதும். பெரியதை அழுத்தினால் ஏறக்குறைய இரண்டு மடங்கு தண்ணீர் போகும்.