அட்டையில் 'ஓ' என்று இருந்தால் போதுமா?

ஜாசின் பக்கம் ஒரு கோயில் மண்டபத்தில் இரத்ததான முகாம். செம்பனைத் தோட்டத்திலிருந்து வந்த படிவம் ஆறு மாணவர் ஒருவர், விரலில் ஊசி குத்தியதைக்கூடக் கவனிக்காமல் வெள்ளைத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நீலத் துளியிலும் இரத்தம் திரளவில்லை, மஞ்சளிலும் திரளவில்லை.

"அப்படின்னா நான் ஓ தானே அக்கா? யாருக்கு வேணும்னாலும் கொடுக்கலாம்ல?"

"பெரும்பாலும் ஓ தான் தம்பி. ஆனா ஆய்வுக்கூடத்துல இன்னொரு சோதனை இருக்கு" என்றேன். அங்கே வேலை செய்பவள் நான்.

நீலத் துளியில் இருப்பது ஏ வகையைத் தேடும் எதிர்ப்பொருள். மஞ்சளில் இருப்பது பி வகையைத் தேடுவது. இரண்டும் தேடுவது சிவப்பணுவின் மேலுள்ள சர்க்கரையைத்தான்! நம் செல்களில் சில புரதங்களுக்குச் சர்க்கரையை ஒவ்வொன்றாக எடுத்துப் பூட்டுவதே வேலை. பாடநூலில் வரும் கிளைக்கோசைலேஷன் இதுதான். முதலில் ஒரு புரதம் ஃபியூகோஸ் என்ற சர்க்கரையைப் பூட்டும். அப்படி உருவாகும் அடித்தளத்துக்கு 'எச்' என்று பெயர். அதன்மேல் ஒரு சர்க்கரை ஏறினால் ஏ, வேறொன்று ஏறினால் பி. எதுவும் ஏறாமல் எச் மட்டும் நின்றால் ஓ.

அந்த எச் கூட இல்லாதவர்கள் உண்டு. 1952இல் பம்பாயில் மருத்துவர் பெண்டே குழுவினர் முதலில் கண்டறிந்ததால் இது 'பம்பாய் வகை'. இந்தியாவில் ஏறத்தாழ 10,000 பேரில் ஒருவருக்கு இருக்கலாம் என்பது கணக்கு. ஐரோப்பாவில் மிக மிக அரிது. ஆகவே இது நம் வீட்டுச் சங்கதி. முகாம் தட்டில் ஓ போலவே தெரியும். ஆனால் இவர்கள் உடலில் எச்சை எதிர்க்கும் எதிர்ப்பொருள் இருக்கிறது. ஓ இரத்தம் ஏற்றினால் அதை அழித்துவிடும், உயிரே போகலாம்.

அதனால் கூடத்தில் திருப்பிச் சோதிப்போம். கொடையாளரின் பிளாஸ்மாவை, ஏற்கெனவே தெரிந்த ஓ சிவப்பணுவோடு கலப்போம். திரண்டால் சந்தேகம். அடுத்து எச்சைத் தேடும் துளி. அது பெரும்பாலும் ஐரோப்பிய முட்செடி ஒன்றின் விதையிலிருந்து எடுக்கும் புரதம் என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

தாய், தந்தை இருவரிடமிருந்தும் வேலை செய்யாத மரபணு வந்தால்தான் இந்த வகை அமையும். மாமன் மகள், அத்தை மகன் என்று உறவுக்குள் கட்டும் குடும்பங்களில் வாய்ப்பு கூடுதல். பம்பாய் வகையினருக்குப் பம்பாய் வகை இரத்தம்தான் சேரும். உடன்பிறந்தவருக்கும் அது இருக்க நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு என்பதால், தேடலை வீட்டிலிருந்தே தொடங்குவோம்.

மறுநாள் அந்தத் தம்பியின் குழாயை எடுத்துப் பார்த்தேன். திரளவில்லை. ஓ தான்.