காட்டுப்பன்றியும் ரைபிளும்

இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. (விலங்கியல்)

மலையடிவாரத்துச் சிற்றூர்களில், கடலை விளையும் காலத்தில் யாரிடம் பேசினாலும் பேச்சு காட்டுப்பன்றியில்தான் வந்து நிற்கும். "ஆளுக்கொரு துப்பாக்கி கொடுத்தால் ஒரே வருஷத்தில் ஒழித்துவிடலாம்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். இதை வெறும் ஆத்திரப் பேச்சு என்று தள்ளிவிட முடியாது. பதில் சொல்லியே ஆகவேண்டிய கேள்வி இது. நல்ல வேளையாக, நாம் இதைக் கற்பனையில் ஆராய வேண்டியதில்லை. துப்பாக்கிக்குப் பஞ்சமில்லாத நாடு ஒன்றிருக்கிறது. அமெரிக்காவில், குறிப்பாக டெக்சாஸ் மாநிலத்தில், பன்றிவேட்டையில் ரைபிள் சாதித்தது என்ன, சாதிக்காதது என்ன என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வந்தேறிய விலங்கு

அமெரிக்க மண்ணில் பன்றி இயல்பாகத் தோன்றிய விலங்கு அன்று. 1539ஆம் ஆண்டு எர்னாண்டோ டி சோட்டோ என்ற ஸ்பானியத் தளபதி, படையின் உணவுக்காகக் கப்பலில் பன்றிகளை ஏற்றிவந்து புளோரிடாவில் இறக்கினார். பின்னர் குடியேறியவர்கள் வளர்த்த பன்றிகளும் தப்பிக் காடேறின. 1912இல் வட கரோலினாவில் வேட்டைப் பொழுதுபோக்குக்கென்று ஐரோப்பியக் காட்டுப்பன்றிகள் கொண்டுவரப்பட்டு, அவையும் வேலியை முறித்து வெளியேறின. இந்த இரண்டு வகையும் கலந்து பெருகியதே இன்றைய தொல்லை. இப்போது அந்நாட்டில் அறுபது இலட்சம் பன்றிகள் இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள்.

ரைபிளின் ஆற்றல்

ரைபிளின் குழாய்க்குள் திருகுசுருளாகப் பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கும். அவற்றின் வழியே பாயும் குண்டு பம்பரம்போல் சுழன்றுகொண்டே வெளியேறுகிறது. சுழலும் பம்பரம் சாயாது நிற்பதுபோல், சுழலும் குண்டும் நிலைமாறாமல் குறியை நோக்கிச் செல்கிறது. டெக்சாஸில் பெரிதும் பயன்படும் .308 ரக ரைபிளை எடுத்துக்கொள்வோம். அதன் குண்டு ஏறக்குறைய 9.7 கிராம் எடையுள்ளது. வினாடிக்கு 850 மீட்டர் வேகத்தில் புறப்படுகிறது. நாம் வகுப்பில் படிக்கும் இயக்க ஆற்றல் சூத்திரத்தில் இட்டுப் பார்த்தால் சுமார் 3,500 ஜூல் வரும். ஐம்பது கிலோ மூட்டையொன்றை ஏழு மீட்டர் உயரம் தூக்கும் வேலைக்கு இது சமம். சிறிய .22 ரகக் குண்டிலோ இருநூறு ஜூல்கூடத் தேறாது.

இவ்வளவு ஆற்றல் எதற்கு? முதிர்ந்த ஆண் பன்றியின் தோள்பகுதியில், தோலுக்கடியில், கேடயம் போன்ற தடித்த திசுப்படலம் உண்டு. ஆண்களுக்குள் நடக்கும் சண்டையில் கோரைப்பல் குத்தைத் தாங்க இயற்கை கொடுத்த கவசம் அது. இருதயமும் முன்னங்கால்களுக்கு இடையே தாழ்வாக அமைந்திருக்கிறது. குறி சற்று மேலே போனாலும் விலங்கு காயத்தோடு புதருக்குள் ஓடி, நெடுநேரம் துடித்துச் சாகும். காயம்பட்ட பன்றி மனிதரைப் பாய்ந்து கிழிப்பதும் உண்டு.

குண்டுக்கு முன்னால் ஒன்று, பின்னால் பத்து

ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் செல்லும். நூறு மீட்டருக்கு அப்பாலுள்ள பன்றியைக் குண்டு 0.12 வினாடியில் அடைந்துவிடுகிறது. துப்பாக்கி வாயிலிருந்து கிளம்பிய ஓசை அங்கே போய்ச்சேர 0.3 வினாடி ஆகிறது. ஆகவே, குறிபட்டு விழுந்த பன்றிக்கு வெடிச்சத்தம் கேட்பதில்லை. பக்கத்தில் நிற்கும் மற்றப் பத்துக்கும் கேட்கிறது!

இந்த வேட்டையின் சிக்கல் முழுவதும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. பெண் பன்றிகளும் குட்டிகளும் சேர்ந்து கூட்டமாக வாழ்கின்றன. வளர்ந்த ஆண்கள் தனித்துத் திரிகின்றன. கூட்டத்தில் ஒன்று விழுந்ததும் மற்றவை சிதறி ஓடுகின்றன. பன்றி கூர்த்த அறிவுடையது, மோப்பமோ அபாரம். சுடப்பட்ட இடத்தை அது சிலகாலம் தவிர்க்கிறது. பகல் மேய்ச்சலை இரவுக்கு மாற்றிக்கொள்கிறது. தொல்லை ஓய்ந்தது என்று ஒருவர் மகிழும்போது, அது பக்கத்து நிலத்தில் பரவியிருக்கும்.

இனப்பெருக்கக் கணக்கையும் பார்ப்போம். பன்றியின் கருக்காலம் ஏறத்தாழ 115 நாள். உணவு வளமிருந்தால் பெண் பன்றி ஒரு வயது நிறையுமுன்பே பருவமடைகிறது. பேச்சுக்கு, மூன்று தாய்கள் உள்ள பன்னிரண்டு பன்றிக் கூட்டத்தில் இரண்டு குட்டிகளைச் சுட்டோம் என்று கொள்வோம். தப்பிய மூன்று தாய்களும் ஓர் ஈற்றுக்கு ஐந்து வீதம் போட்டால் பதினைந்து! இரண்டு போய்ப் பதினைந்து வந்தன. ஆண்டுதோறும் மூன்றில் இரண்டு பங்குப் பன்றிகளை நீக்கினால்தான் எண்ணிக்கை ஏறாமல் நிற்கும் என்று டெக்சாஸ் நிபுணர்கள் கூறுகின்றனர். அங்கே 2010இல் துப்பாக்கி, பொறி, நாய் எல்லாம் சேர்ந்து நீக்கியது சுமார் 29 விழுக்காடே.

சலுகைகளில் குறைவில்லை. 2011இல் ஹெலிகாப்டரிலிருந்து காசு கொடுத்துச் சுடவும் அங்கே சட்டம் இடம் தந்தது. 2019 முதல், நில உரிமையாளர் இசைந்தால் வேட்டை உரிமமே வேண்டியதில்லை. உடல்வெப்பத்தை இருளில் காட்டும் குறிநோக்கியும் உண்டு. பன்றிகளோ இன்னும் குறையவில்லை.

டென்னசி மாநிலத்தின் கதை இன்னும் விந்தையானது. அங்கே 1999இல் ஆண்டு முழுவதும் பன்றிவேட்டையை அனுமதித்தார்கள். விளைவு? வேட்டை இன்பத்துக்காக மனிதர்களே பன்றிகளைப் பிடித்துக் கொண்டுபோய்ப் புதிய இடங்களில் விட்டார்கள். 2011இல் அம்முறையைக் கைவிட நேர்ந்தது. மிசௌரி மாநிலத்தின் வனவளத்துறை 2016இல் தன் நிலங்களில் பன்றிவேட்டைக்கே தடை விதித்தது. ஒன்றிரண்டைச் சுடுவது முழுக்கூட்டத்தையும் பொறியில் பிடிக்கும் வேலையைக் கெடுக்கிறது என்பதே அவர்கள் சொன்ன காரணம்.

அப்பொறி எளியது. வட்டமாக வலைக்கம்பி அடைப்பு அமைத்துச் சோளம் இறைக்கிறார்கள். பல நாள் கதவைத் திறந்தே வைத்துப் பன்றிகளைப் பழக்குகிறார்கள். கூட்டத்தின் கடைசிப் பன்றியும் உள்ளே வந்ததைக் கேமராவில் கண்ட பிறகே கதவு விழுகிறது. ரைபிள் அதற்குப் பிறகுதான்.

நம் நிலத்தில்

இதில் நமக்கு என்ன பாடம்? முதலில் ஒரு வேற்றுமையை மறக்கக்கூடாது. அங்கே பன்றி அந்நிய விலங்கு. அடியோடு நீக்குவது அவர்கள் இலக்கு. இங்கே அது மண்ணின் விலங்கு. புலிக்கும் சிறுத்தைக்கும் இரை. விளைச்சலைக் காப்பதே நம் இலக்காக இருக்க முடியும்.

இப்படிச் சொல்வதால் உழவரின் துயரம் தெரியாதவன் என்று என்னை எண்ண வேண்டாம். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். நான் சேர்ந்த ஆண்டு அரை ஏக்கர் கடலை ஒரே இரவில் உழுததுபோல் கிடந்தது. என் அம்மாவின் தோடு அடகுக் கடைக்குப் போனது அதனால்தான். என் தந்தையார் இன்றும் தகர டப்பாவோடு பரணில் விழித்திருக்கிறார்.

ஆயினும் நம் நிலம் டெக்சாஸின் பரந்த மேய்ச்சல் நிலம் அன்று. அரைக் கல் தொலைவுக்குள் வீடும் கிணற்றடியும் பள்ளிக்கூடமும் உள்ளன. ரைபிள் குண்டோ குறி தவறினால் மூன்று கிலோமீட்டருக்கு மேலும் போகும். வல்வில் ஓரியின் ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் வீழ்த்தியதைப் புறநானூற்றில் வன்பரணர் வியந்து பாடினார். பாட்டில் அது வீரம். ஊர்ப்புறத்தில் பன்றியைத் துளைத்து அப்பாலும் செல்லும் குண்டு பெரும் விபத்து.

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், பயிரை அழிக்கும் பன்றியை உரிய அலுவலரின் அனுமதியோடு சுட வழிசெய்துள்ளது. கேரள அரசு 2022இல் அந்த அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்கு அளித்தது. தமிழக அரசு 2025 சனவரியில், காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினரே சுடலாம் என்று அறிவித்தது. பயிற்சி பெற்ற கைகளில் துப்பாக்கி இருப்பது சரியே. ஆனால் எத்தனை பன்றி விழுந்தது என்று எண்ணுவதைவிட, எத்தனை கூட்டம் முழுதாக நீங்கியது என்று எண்ண வேண்டும்.

அவுட்டுக்காயும் கள்ள மின்வேலியும் தீர்வாகா. பன்றிக்கென்று போட்ட மின்வேலியில், தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே 2023 மார்ச்சில் மூன்று யானைகள் மாண்டன. இருட்டில் வரப்பில் நடக்கும் மனிதருக்கும் அதே கதிதான். விட்டுவிட்டு அதிர்ச்சி தரும் சூரியஒளி வேலி, பன்றிகள் பகலில் பதுங்கும் சீமைக்கருவேல் புதர்களை அகற்றுதல், கடலையைச் சுற்றி முள் குசும்பாவையோ மக்காச்சோளத்தைச் சுற்றி ஆமணக்கையோ நெருக்கமாக நடுதல், முறைவைத்து ஊரே கூடிக் காவல் காத்தல் ஆகியவை நம் கைக்கு எட்டும் வழிகள். ஒருவர் மட்டும் செய்தால் பன்றி அடுத்த கொல்லைக்குப் போகும்; ஆகவே ஊர் சேர்ந்து செய்ய வேண்டும்.

நண்பர்களே! நம்மில் பலர் உழவர் வீட்டுப் பிள்ளைகள். ஊருக்குப் போகும்போது கூட்டம் எத்தனை, எந்தப் புதரில் தங்குகிறது, எந்த வழியாக வருகிறது என்று நோட்டில் குறித்து வனச்சரக அலுவலகத்தில் கொடுப்போம். நாம் படித்த விலங்கியல் முதலில் பயன்பட வேண்டிய இடம் நம் தந்தையரின் வரப்பே.