கரும்பொருள் இல்லாமல் கணக்கு நேராகுமா?

சூரியனிலிருந்து தள்ளிப் போகப் போகக் கோள்களின் வேகம் குறையும். புதன் நொடிக்கு 47 கி.மீ. ஓடுகிறது, நெப்டியூன் 5 கி.மீ.தான். விண்மீன் திரளின் விளிம்பிலும் இப்படித்தான் வேகம் குறைய வேண்டும். ஆனால் 1970-இல் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் ஆண்ட்ரோமீடா திரளை அளந்தபோது, வெளிப்புறத்திலும் வேகம் அவ்வாறு குறையக் காணோம். கண்ணுக்குத் தெரியாத கரும்பொருள் இழுத்துப் பிடித்திருக்கிறது என்பதே பெரும்பாலானோர் ஏற்றுக்கொண்ட விளக்கம்.

இஸ்ரேலின் வைஸ்மன் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த மோர்டெஹாய் மில்க்ரோம் 1983-இல் பழியை நியூட்டன் மீதே போட்டார். பூமியின் ஈர்ப்பு முடுக்கத்தில் சுமார் 8,000 கோடியில் ஒரு பங்குக்குக் கீழே போனால் விதியே மாறிவிடும் என்றார். இதன் பெயர் ‘மாண்ட்’. கோள்களின் முடுக்கம் இந்த எல்லையைவிட மிக அதிகம் என்பதால் அங்கே நியூட்டன் கணக்குப் பிசகுவதில்லை.

எல்லைக்குக் கீழே ஈர்ப்பு, தொலைவின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையாமல் தொலைவுக்கு ஏற்பவே குறையும். வட்டமாகச் சுற்றத் தேவையான முடுக்கமோ, வேகத்தின் வர்க்கத்தைத் தொலைவால் வகுத்தால் கிடைப்பது. இரண்டையும் சமன்படுத்திப் பாருங்கள்: தொலைவு அடிபட்டுப் போகும். மிஞ்சுவது நிறை மட்டும். நிறை 16 மடங்கானால் வேகம் 2 மடங்கு. சுழல் திரள்களை அளந்தாலும் ஏறக்குறைய இதே விகிதம்தான் வருகிறது. 2016-இல் ஸ்டேசி மெக்கா குழுவினர் 153 திரள்களை ஆராய்ந்தபோது, கண்ணில் படும் விண்மீன்களையும் வாயுவையும் வைத்தே அங்கங்கே உள்ள முடுக்கத்தைச் சொல்லிவிட முடிந்தது. கரும்பொருள்தான் ஆள்கிறதென்றால் இவ்வளவு கச்சிதம் எப்படி? லேசில் தள்ளிவிடக்கூடிய கேள்வி அல்ல இது.

மாண்டின் சறுக்கல், திரள்கள் கூட்டமாக இருக்கும் திரள்கொத்துகளில். மாண்ட் சூத்திரத்தைப் போட்டும், தெரியும் நிறையைப்போல் சுமார் இரு மடங்கு தேவைப்படுகிறது. ‘புல்லட்’ கொத்து இன்னும் சங்கடம். இரண்டு கொத்துகள் மோதியதில் சூடான வாயு முட்டிக்கொண்டு பின்தங்கியது. திரள்கள் ஊடுருவிக் கடந்துவிட்டன. தெரியும் பொருளில் பெரும்பங்கு வாயுதான். ஆனால் பின்னணி ஒளி வளைவதை வைத்து 2006-இல் வெளியான நிறை வரைபடத்தில், ஈர்ப்பின் மையங்கள் திரள்களோடு போயிருந்தன. அங்கே நியூட்ரினோவோ வேறு பொருளோ மறைந்திருக்கலாம் என்கிறார்கள் மாண்ட் ஆதரவாளர்கள். கரும்பொருளே வேண்டாம் என்று கிளம்பியவர்கள், கொத்து வந்ததும் கொஞ்சம் கடன் கேட்கிறார்கள்!

2021-இல் ஸ்கோர்டிஸ், ஸ்லோஸ்னிக் இருவரும் பெருவெடிப்பின் எச்சமான பிரபஞ்சப் பின்னணிக் கதிர்வீச்சோடும் பொருந்தும் மாண்ட் கோட்பாடு ஒன்றை முன்வைத்தார்கள். கொத்துச் சிக்கல் தீரும்வரை கரும்பொருள் பக்கமே தராசு சாயும். ஆனால் அதன் துகளைப் பிடிக்க நிலத்தடியில் வைத்த கருவிகள் எதிலும், உறுதியாகச் சொல்லும்படி ஒன்றுகூட இதுவரை சிக்கவில்லை.