கடலே முன்வாசல்

யாழ்ப்பாணக் குடாநாட்டைக் காண வருவோர் நல்லூரையும் கோட்டையையும் பார்த்து, நயினாதீவுக்கும் ஒருமுறை சென்று, அத்துடன் தம் யாத்திரையை நிறைவு செய்துகொள்வர். வடமராட்சிக் கரையோரத்தில் ஒரு பகற்பொழுதைக் கழிக்க எண்ணுவோர் மிகச் சிலரே. அச்சிலருள் வாசகரும் ஒருவராக வேண்டும் என்பதே எமது விருப்பம்.

அச்சுவேலியைத் தாண்டி வடக்கே செல்லும் தெருவில், தோட்டங்களும் பனங்கூடல்களும் மெல்லப் பின்தங்க, உப்புக் காற்று முகத்தில் வந்து மோதும். அங்கேதான் தொண்டைமானாறு என்னும் சிற்றூர் இருக்கின்றது. எம்முடன் வந்த தமக்கையின் மகன், பாலத்தில் நின்று நீரைச் சிறிது நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "மாமா, ஆறு என்றால் ஓட வேண்டாமா?" என்று கேட்டான்.

அவன் கேட்டது நியாயமே. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் குடாநாட்டில் இல்லை. ஆறு என்று நாம் வழங்குவது, வடமராட்சியைப் பிரித்துக் கிடக்கும் நீண்ட நீரேரி கடலோடு கலக்கும் வாயையே. சோழப் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான், இப்பகுதியில் விளைந்த உப்பை மரக்கலங்களில் ஏற்றிச் செல்வதற்காக இவ்வாயை ஆழப்படுத்தினான் என்றும், அதனாலேயே இப்பெயர் உண்டாயிற்று என்றும் வழிவழியாகச் சொல்லப்பட்டு வருகின்றது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலோ, உவர்நீர் உட்புகாமல் தடுத்து மழைநீரைத் தேக்குவதற்காக, இதே வாயில் கதவுகளோடு கூடிய அணை கட்டப்பட்டது. முன்னோர் கடலுக்கு வழி திறந்ததாகக் கதை சொல்கின்றது. பின்னோர் அவ்வழிக்குக் கதவிட்டனர். இக்கரையின் வரலாறு முழுவதையும் இவ்விரு செயல்களிலும் காணலாம் என்று அப்பொழுது எமக்குத் தோன்றவில்லை.

ஆற்றங்கரையில் செல்வச்சந்நிதி முருகன் கோயில் கொண்டிருக்கின்றான். இங்கே மந்திர ஒலி இல்லை. பூசகர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு மௌனமாகவே பூசை செய்கின்றார். ஆலிலைகளில் அமுது படைக்கும் வழக்கமும் உண்டு. பசித்து வருவோர்க்கு அன்னமிடும் மடங்கள் சூழ்ந்திருப்பதால், அன்னதானக் கந்தன் என்று அடியார் அன்போடு அழைப்பர். ஆண்டுதோறும் கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்லும் அடியார் கூட்டம் இங்கிருந்தே புறப்படுகின்றது. நாமும் மடமொன்றில் உண்டு, கரையோரத் தெருவால் கிழக்கே சென்றோம்.

அடுத்து வருவது வல்வெட்டித்துறை. கப்பல் கட்டுவதிலும் கப்பல் ஓட்டுவதிலும் இலங்கையில் இதற்கு நிகரான ஊர்கள் அரியன. இவ்வூர்ப் பாய்க்கப்பல்கள் நாகபட்டினத்துக்கும் பர்மாவுக்கும் சென்று வாணிகம் செய்தன. அவற்றுள் ஒன்றின் கதை உலகறிந்தது. 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பலை, சிறு படகில் உலகைச் சுற்றிவந்த அமெரிக்க மாலுமி வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் விரும்பி விலைக்கு வாங்கினார். 'புளோரன்ஸ் சி. ராபின்சன்' என்று புதுப்பெயர் பெற்ற அக்கப்பலை, வல்வெட்டித்துறை மாலுமிகளே செலுத்திச் சென்றனர். அத்திலாந்திக் சமுத்திரத்தையும் கடந்து, 1938ஆம் ஆண்டில் மசச்சூசெற்ஸ் மாநிலத்துக் குளொஸ்ரர் துறைமுகத்தை அது அடைந்தது. வேம்பின் நிழலில் வளர்ந்த ஊரார், வேப்பமரத்தால் கட்டிய கப்பல் அது.

கடற்கரையில் வலை பொத்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவரோடு பேச்சுக் கொடுத்தோம். அவருடைய தந்தையார் பாய்க்கப்பலில் தண்டையலாக இருந்தவராம். "அந்தக் கப்பல்களுக்குக் கடதாசியில் படம் இருந்ததா?" என்று வினவினோம். அவர் சிரித்தார்.

"படமோ தம்பி? மேத்திரியாரின்ரை கண்ணும் கையுந்தான் படம். அவையள் போக அதுவும் போச்சுது. எங்களுக்குக் கடல்தான் முன்வாசல், தெரு கோடிப்புறம். இப்ப எல்லாரும் கோடிப்புறத்தாலை வந்து போகினம்."

அவர் கூறியதில் மிகை ஏதுமில்லை. கொழும்பு இங்கிருந்து தெருவழியே ஏறத்தாழ 400 கிலோமீற்றர். கோடிக்கரையோ கடல்வழியே 60 கிலோமீற்றர் அளவுதான். தொண்டைமானாற்றைச் சேர்ந்த மு. நவரத்தினசாமி 1954ஆம் ஆண்டில் அப்பாக்குநீரிணையை நீந்தியே கடந்தார். வல்வெட்டித்துறை வி. எஸ். குமார் ஆனந்தன் 1971ஆம் ஆண்டில் நீந்திச் சென்று, நீந்தியே திரும்பினார். அயல்வீடு போலிருந்த அக்கரை, 1948ஆம் ஆண்டுக்குப் பின் சட்டங்களும் சுங்கமும் இறுக இறுக, அயல்நாடாயிற்று. நேற்றுவரை வாணிகம் எனப்பட்டது கள்ளக்கடத்தல் எனப்படலாயிற்று. பின்னர் வந்த போர், மீனவரின் வள்ளங்களையும் கரையிலே நிறுத்தியது. 1987ஆம் ஆண்டு மே மாதத்து இராணுவ நடவடிக்கையில் வடமராட்சி பட்ட துயரை இக்கரையினர் மறந்திலர்.

மேலும் கிழக்கே சென்று பருத்தித்துறையை அடைந்தோம். பருத்தி ஏற்றிய துறை என்பது பெயரின் பொருள். போர்த்துக்கீசர் அதனைப் 'பாறை முனை' என்று தம் மொழியில் வழங்கினர். 1916ஆம் ஆண்டின் வெளிச்சவீடும், பழம்பெரும் ஹாட்லிக் கல்லூரியும் இந்நகரின் அணிகள். எம்மைப் பெரிதும் கவர்ந்தது தெருமூடிமடம். இரு பக்கமும் கற்றூண்கள் தாங்கும் திண்ணைகள், நடுவே தெரு, மேலே கூரை. வழிப்போக்கர் வெயிலுக்கு ஒதுங்குவதற்காகத் தெருவையே வீடாக்கிய அந்த நெஞ்சத்தை வியந்து, தட்டை வடையைக் கடித்தபடி நெடுநேரம் அமர்ந்திருந்தோம்.

அப்பாலுள்ள வல்லிபுரத்தில் மணற்குன்றுகளின் நடுவே ஆழ்வார் கோயில் விளங்குகின்றது. இங்கே 1936ஆம் ஆண்டில் அறியப்பட்ட பொன்னேடு, பிராமி எழுத்தில், வசப மன்னன் காலத்தில், நாகதீவைக் குறிப்பிடுகின்றது. இங்கு கிடைத்த புத்தர் சிலையொன்று 1906ஆம் ஆண்டில் சீயத்து மன்னருக்கு அன்பளிப்பாக அனுப்பப்பட்டது. தமிழும் பிராகிருதமும், ஆழ்வாரும் புத்தரும் ஒரே மணலில் தடம் பதித்த துறை இது. இதனை ஒருவர்க்கே உரியதென்று உரிமை பேசுவோர், வாசலில் வந்து இறங்கிய மற்ற விருந்தினரை மறந்தவராவர்.

மாலையில் திரும்புகையில் தொண்டைமானாற்று அணையருகே மீண்டும் நின்றோம். 2023 அக்டோபரில் காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் இடையே பயணிகள் கப்பல் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடிய செய்தியைச் சிறுவனுக்குச் சொன்னோம். "அப்படியானால் முன்வாசல் திறந்துவிட்டதா?" என்றான்.

சிறிது திறந்திருக்கின்றது என்றே எம்மால் சொல்ல முடிந்தது. கதவைச் சட்டத்தால் திறக்கலாம். ஆனால் மேத்திரியாரின் கண்ணையும் கையையும் எந்தச் சட்டத்தால் மீட்பது? வலை பொத்தும் அம்முதியவரைப் போன்றோர் இருக்கும்போதே, அவர்கள் நினைவில் எஞ்சியிருப்பதைக் கேட்டு எழுதிவைக்கும் கடமை நம்முடையது. வடமராட்சிக்குச் செல்லும் வாசகர், கோயிலையும் மடத்தையும் கண்டபின், கடற்கரையிலும் ஒரு நாழிகை இருந்து, அவர்களோடு பேசி வருவாராக.