கால்பந்து வாண்டுகளுக்கு ஷின் கார்டு... குத்தாமல், நழுவாமல் மாட்டுவது எப்படி?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் டர்ஃப் மைதானங்கள் பெருகிவிட்டன. வார நாள் இரவுகளில் ஐ.டி. ஊழியர்கள் ஆடும் அதே இடத்தில், சனி, ஞாயிறு காலைகளில் ஐந்து, ஆறு வயது வாண்டுகள் பந்தைத் துரத்துகிறார்கள். ஏப்ரல், மே வந்தால் பள்ளி மைதானங்களிலும் கோடைக்காலப் பயிற்சி முகாம்கள் களைகட்டும். பிள்ளையைச் சேர்த்ததும் பெற்றோர் கைக்கு ஒரு பட்டியல் வரும். ஜெர்சி, ஷூ, நீள சாக்ஸ், ஷின் கார்டு. முதல் மூன்றும் பழகிய பொருள்கள். நான்காவதை வாங்கியது முதல், 'அம்மா, குத்துது', 'இதைப் போட்டா ஓட முடியலை' என்று தினமும் ஒரு போராட்டம். கடைசியில் ஷின் கார்டு பையிலேயே தங்கிவிடும், பிள்ளை வெறுங்காலோடு ஆடும்.

குழந்தை பிடிவாதம் பிடிக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் குழந்தை சொல்வது உண்மையாகத்தான் இருக்கும். அளவு சரியில்லாத ஷின் கார்டு நிஜமாகவே குத்தும், நழுவும், ஓட விடாது. அளவையும் போடும் முறையையும் சரிசெய்தால், பத்து நிமிட ஆட்டத்துக்குள் அது காலில் இருப்பதே பிள்ளைக்கு மறந்துவிடும்.

எதற்காக இது?

முழங்காலுக்குக் கீழே, காலின் முன்பக்கத்தைக் கையால் தடவிப் பாருங்கள். தோலுக்கு அடியில் நேராக எலும்பு தட்டுப்படும். பின்பக்கம் கெண்டைச்சதை இருப்பதுபோல் முன்பக்கத்தில் சதைப்பற்று கிடையாது. இரண்டு குழந்தைகள் ஒரே பந்துக்குக் காலை வீசும்போது எதிராளியின் ஷூ முனை மோதுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஷின் கார்டு அந்த அடியை ஒரே புள்ளியில் இறங்கவிடாமல் பரப்பிவிடுகிறது. சிராய்ப்பு, ரத்தக்கட்டு போன்றவை குறையும். ஆனால் எலும்பு முறிவே வராது என்பதற்கு அது உத்தரவாதம் இல்லை.

இதை முதலில் போட்டு ஆடியவர் சாம் வெல்லர் விடோசன் என்ற இங்கிலாந்துக்காரர். நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் அணிக்காக ஆடிய இவர் கிரிக்கெட் வீரரும்கூட. 1874-ல் தன் கிரிக்கெட் பேடை வெட்டிச் சிறிதாக்கி, சாக்ஸுக்கு மேலே கட்டிக்கொண்டு களமிறங்கினார். அன்று மற்றவர்கள் கேலி செய்தார்கள். 1990-ல் ஃபிஃபா அதையே எல்லா வீரர்களுக்கும் கட்டாயமாக்கியது. இன்றைய கால்பந்து விதிகளில் நான்காவது விதி, சட்டை, ஷார்ட்ஸ், சாக்ஸ், ஷூவோடு ஷின் கார்டையும் கட்டாயப் பட்டியலில் வைத்திருக்கிறது. சாக்ஸ் அதை முழுவதும் மூட வேண்டும். அளவும் தரமும் பொருத்தமாக இருப்பது வீரரின் பொறுப்பு என்று 2024-25 சீசன் விதிகள் தெளிவுபடுத்தின. ஆறு வயது வீரர் என்றால், அந்தப் பொறுப்பு அப்பா, அம்மாவுக்குத்தான்.

டி.வி.யில் சில நட்சத்திர வீரர்கள் உள்ளங்கை அளவு ஷின் கார்டோடு, சாக்ஸை இறக்கிவிட்டு ஆடுவதைப் பிள்ளைகள் பார்க்கிறார்கள். அந்த ஸ்டைல் குழந்தைகளுக்கு வேண்டாம். யார் கால் எங்கே போகும் என்று கணிக்க முடியாத வயது இது.

அளவு எடுப்பது எப்படி?

பாக்கெட்டில் உள்ள வயதைப் பார்த்து வாங்கினால் ஏமாற்றம்தான். ஆறு வயதுக் குழந்தையின் சராசரி உயரம் சுமார் 115 செ.மீ. ஆனால் ஒரே வகுப்பில் அதைவிட உயரமான பிள்ளையும் இருக்கும், குட்டையான பிள்ளையும் இருக்கும். உயரத்தை வைத்து அளவு சொல்லும் நிறுவனங்களிலும் ஒருவர் 'ஸ்மால்' இன்னொருவருக்கு 'மீடியம்'.

அதனால் தையல் டேப்பை எடுங்கள். குழந்தையை நாற்காலியில் உட்காரவைத்து, பாதத்தை மேல்நோக்கி மடக்கச் சொல்லுங்கள். பாதமும் காலும் சேரும் இடத்தில் ஒரு மடிப்பு விழும். அதற்குச் சற்று மேலிருந்து, முழங்கால் சில்லுக்கு நான்கைந்து செ.மீ. கீழே வரை அளந்துகொள்ளுங்கள். ஷின் கார்டின் நீளம் அவ்வளவுதான் இருக்க வேண்டும். நீளம் கூடினால் முழங்காலை மடக்கும்போது மேல் விளிம்பு குத்தும், அல்லது கீழ் விளிம்பு பாதத்தில் இடிக்கும். குறைந்தால் எலும்பின் பாதி வெளியே தெரியும்.

'அடுத்த வருஷத்துக்கும் ஆகட்டும்' என்று ஒரு சைஸ் பெரிதாக வாங்குவது நம் வீடுகளில் வழக்கம். பள்ளிச் சீருடைக்கு அது சரி. ஷின் கார்டுக்கும் ஷூவுக்கும் கூடாது. அண்ணன், அக்கா போட்டதைத் தம்பி, தங்கைக்குக் கொடுக்கலாம். விரிசல் இல்லாமல், உள்பக்க ஃபோம் உரியாமல், பட்டையின் ஒட்டும் தன்மை போகாமல் இருந்தால் போதும்.

ஆன்லைனில் வாங்கினால் போட்டுப் பார்க்க வழியில்லை. ஆவடி, அம்பத்தூர்க்காரர்கள் மின்சார ரயிலில் சென்ட்ரல் வந்து இறங்கினால், நேரு ஸ்டேடியத்தை ஒட்டிய பெரியமேட்டில் விளையாட்டுச் சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன. பிள்ளையையும் நீள சாக்ஸையும் ஷூவையும் கூட்டிக்கொண்டே போங்கள். கடையிலேயே மாட்டி, உட்கார்ந்து எழுந்து, நாலு எட்டு ஓடிப் பார்க்கச் சொல்லுங்கள்.

எந்த வகை நல்லது?

கடையில் இரண்டு வகை கிடைக்கும். ஒன்று, சாக்ஸுக்குள் செருகும் வெறும் பட்டை. எடை குறைவு, காற்றோட்டம் அதிகம். ஆனால் சின்னக் கால்களில் சுற்றிக்கொண்டு பக்கவாட்டுக்குப் போய்விடும். இன்னொன்று, கணுக்காலையும் சேர்த்து மூடும் வகை. பாதத்துக்கு அடியில் ஒரு வளையமும் கெண்டைக்காலைச் சுற்றி ஒரு பட்டையும் இருக்கும். இது நழுவாது, கணுக்கால் மூட்டின் எலும்பையும் காக்கும். ஐந்து முதல் எட்டு வயது வரை இதுதான் சுலபம். கொஞ்சம் சூடு கூடுதல் என்பதுதான் குறை.

மாட்டும் வரிசை: கார்டு, சாக்ஸ், ஷூ!

* மென்மையான தோலுள்ள குழந்தைக்கு முதலில் மெல்லிய பருத்தி சாக்ஸ் போடலாம். பிளாஸ்டிக்கும் வியர்வையும் நேரடியாகத் தோலில் உரசாது.
* ஷின் கார்டில் இடது, வலது குறியிருந்தால் பாருங்கள். மாற்றிப் போட்டால் வளைவு பொருந்தாது. கணுக்கால் வகையாக இருந்தால் முதலில் வளையத்துக்குள் பாதத்தை நுழைக்க வேண்டும்.
* பட்டையை ஒட்டியபின் உங்கள் ஒரு விரல் உள்ளே நுழைய வேண்டும். ஆட்டம் முடிந்து கழற்றி அரை மணி நேரமாகியும் சிவந்த தடம் மறையவில்லை என்றால், இறுக்கம் அதிகம்.
* அதன் மேல் நீள சாக்ஸைச் சுருக்கமில்லாமல் முழங்கால் வரை இழுத்துவிடுங்கள். வெறும் பட்டை வகையாக இருந்தால் இந்த சாக்ஸின் பிடிதான் அதைத் தாங்கும்.
* கடைசியாக ஷூ. கயிற்றை இரட்டை முடிச்சுப் போட்டு, நீளும் நுனிகளை உள்ளே செருகிவிடுங்கள்.

இப்போது குழந்தையைக் குந்தி எழச் சொல்லுங்கள், மாடிப்படி ஏறி இறங்கச் சொல்லுங்கள். 'எங்கே குத்துது? விரலால் காட்டு' என்று கேளுங்கள். முழங்காலருகே என்றால் நீளம் அதிகம். பின்பக்கம் என்றால் பட்டையின் சொரசொரப்பான முனை தோலில் படுகிறது. கணுக்காலில் என்றால் சாக்ஸ் மடிந்திருக்கலாம்.

முதல்முறை போடுவது மைதானத்தில் வேண்டாம். இரண்டு, மூன்று நாள் வீட்டிலேயே பத்துப் பதினைந்து நிமிடம் போட்டு விளையாடவிடுங்கள். சாக்ஸின் நிறத்தைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். தானே மாட்டிக்கொள்ளவும் பழக்குங்கள். ஆட்டத்தின் நடுவே நழுவினால் சரிசெய்ய நீங்கள் உள்ளே ஓட முடியாது.

ஷூவில் செய்யும் தவறு

நம் பகுதியில் பிள்ளைகள் ஒரு நாள் டர்ஃபிலும் மறுநாள் காய்ந்த பள்ளி மைதானத்திலும் ஆடுகிறார்கள். இரண்டுக்கும் பொருந்துவது, அடியில் குட்டிக் குட்டி ரப்பர் முனைகள் நிறைந்த டர்ஃப் ஷூ. நீண்ட முனைகள் உள்ள ஸ்டட் ஷூ கெட்டித் தரையில் இறங்காது, கால் மடங்கும். பள்ளிக்குப் போடும் வழவழப்பான கேன்வாஸ் ஷூ செயற்கைப் புல்லில் வழுக்கும். பாதம் சற்று உப்பியிருக்கும் மாலை நேரத்தில், விளையாட்டு சாக்ஸ் போட்டபடி ஷூ வாங்குங்கள். பெருவிரலுக்கு முன்னால் சுமார் 1 செ.மீ. இடம் போதும்.

கொலுசு, கம்மல், கருப்புக் கயிறு

ஷின் கார்டைக் கவனிக்கும் வீடுகளும் கோட்டைவிடுவது இங்கேதான். சங்கிலி, மோதிரம், வளையல், கம்மல், ரப்பர் பேண்ட் எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது என்கிறது அதே நான்காவது விதி. மேலே டேப் ஒட்டி மறைப்பதற்கும் அனுமதி இல்லை. கம்மலில் விரல் மாட்டினால் காது கிழியும். கொலுசு சாக்ஸுக்குள் அழுந்திக் கணுக்காலைக் கிழிக்கும். கண்ணேறு படாமலிருக்கக் காலில் கட்டும் கருப்புக் கயிறு ஷின் கார்டுக்கு அடியில் வியர்வையில் ஊறி உரசி, புண்ணாக்கும். வெள்ளி அரைஞாணும் அப்படித்தான். பாட்டி மனம் நோகாமல் முன்கூட்டியே பேசி, கழற்றி மாட்டக்கூடிய விதத்தில் கட்டிக்கொள்ளுங்கள். ஒரு சின்ன டப்பாவில் போட்டு வீட்டிலேயே வைத்துவிட்டு வரலாம்.

இன்னொரு சிக்கல், காது குத்து. குலதெய்வக் கோயிலில் மொட்டையடித்துக் காது குத்துவதும் பெரும்பாலும் கோடை விடுமுறையில்தான், பயிற்சி முகாமும் அப்போதுதான். புதிதாகக் குத்திய காதில் ஆறு வாரமாவது கம்மலைக் கழற்றக் கூடாது. கழற்றினால் துளை மூடிக்கொள்ளும். ஆகவே இரண்டில் ஒன்றின் தேதியைத் தள்ளிவையுங்கள். முடியாவிட்டால் பயிற்சியாளரிடம் சொல்லி, மற்ற பிள்ளைகளோடு மோதாத பந்துப் பயிற்சியை மட்டும் செய்யவிடுங்கள்.

பெண் குழந்தைகளின் தலைமுடிக்குத் துணி ரப்பர் பேண்ட் போதும், ஹேர்பின்னும் பிளாஸ்டிக் கிளிப்பும் வேண்டாம். தலையை மூடும் ஹிஜாப், டர்பன் ஆகியவற்றுக்கு 2014 முதல் அனுமதி உண்டு. அவற்றில் ஊசி, பின் இருக்கக் கூடாது. கண்ணாடி அணியும் குழந்தைக்கு உடையாத லென்ஸும் தலையைச் சுற்றிய பட்டையும் உள்ள ஸ்போர்ட்ஸ் கண்ணாடியைக் கண் மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள்.

வெயிலும் மழையும்

செயற்கைப் புல், வெயிலில் இயற்கைப் புல்லைவிட மிக அதிகமாகச் சூடேறும். மே மாதத்தில் காலை 8 மணிக்குள்ளோ, மாலை வெயில் தாழ்ந்த பிறகோ நடக்கும் பயிற்சியைத் தேர்ந்தெடுங்கள். ஆட்டம் முடிந்ததும் ஷின் கார்டை உடனே கழற்றி, காலைக் கழுவித் துடைத்துவிடுங்கள். மூடிய பைக்குள் வியர்வையோடு கிடந்தால் நாற்றம், வேர்க்குரு, படர்தாமரை எல்லாம் வரும். வாரம் ஒருமுறை மென்மையான சோப்பில் கையால் அலசி, நிழலில் காயவையுங்கள். மழைக்காலத்தில் மின்விசிறிக்கு அடியில் வைத்து, ஷூவுக்குள் செய்தித்தாளைத் திணித்துவிடுங்கள். வட்டமாக அரிக்கும் தடிப்பு வந்தால் மருந்துக் கடையில் கேட்டு ஏதோ ஒரு க்ரீமைத் தடவாமல் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கார்டு காக்காத இடம்

ஷின் கார்டு தலையைக் காக்காது. அமெரிக்கக் கால்பந்து அமைப்பு 2015-ல், 10 வயது வரையுள்ள குழந்தைகள் பந்தைத் தலையால் முட்டுவதற்குத் தடை விதித்தது. இங்கிலாந்து கால்பந்து சங்கம் 2020-ல், தொடக்கப் பள்ளி வயதுப் பிள்ளைகளுக்குப் பயிற்சியில் அது வேண்டாம் என்றது. உங்கள் பயிற்சியாளரிடமும் இதைக் கேளுங்கள். பெரியவர்களுக்கான 5-ம் எண் பந்து 410 முதல் 450 கிராம் வரை இருக்கும். எட்டு வயதுக்குள் 3-ம் எண் பந்தே பொருத்தம். தலையில் அடிபட்ட குழந்தை வாந்தி எடுத்தாலோ, குழம்பிப் பேசினாலோ, தூங்கி வழிந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

காலில் அடிபட்டு ஊன்ற முடியவில்லை என்றால் எண்ணெய் தடவி நீவாதீர்கள். துணியில் சுற்றிய ஐஸை 15 நிமிடம் வைத்து, காலை அசைக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். கால் வளைந்து தெரிந்தால் 108-ஐ அழையுங்கள். கட்டு எங்கே போட்டாலும் அதற்கு முன் எக்ஸ்-ரே அவசியம். குழந்தைகளின் எலும்பு நுனியில்தான் வளர்ச்சிப் பகுதி இருக்கிறது. அங்கே ஏற்பட்ட முறிவைக் கவனிக்காமல் விட்டால் காலின் வளர்ச்சியே பாதிக்கப்படலாம்.

கிளம்பும் முன் ஒரு நிமிடம்

* ஷின் கார்டு எலும்பின் நடுவில் இருக்கிறதா?
* சாக்ஸ் அதை முழுவதும் மூடியிருக்கிறதா?
* ஷூ கயிற்றில் இரட்டை முடிச்சா?
* காது, கழுத்து, கை, கால், இடுப்பு... எதுவும் இல்லையா?
* நகம் வெட்டியாயிற்றா?
* தண்ணீர் பாட்டிலும் மாற்று சாக்ஸும் பையில் இருக்கின்றனவா?

மூன்று மாதத்துக்கு ஒருமுறை டேப்பை எடுத்துக் காலை மறுபடி அளந்துவிடுங்கள். நேற்று வரை சரியாக இருந்த ஷின் கார்டைப் பிள்ளை திடீரென்று வேண்டாம் என்றால், கால் வளர்ந்துவிட்டது என்று அர்த்தம்!