அறிவுரை சொல்லாத மூன்று புத்தகங்கள்

பிள்ளைகளுக்கு நற்பண்பையும் கிறிஸ்தவ நம்பிக்கையையும் ஊட்டப் பலர் அறிவுரை நூல்களைத் தேடுகிறார்கள். நான் பரிந்துரைப்பது மூன்று கதைகளை. தம்பி தங்கைக்கோ, ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கோ நாமே வாசித்துக் காட்டலாம்.

முதலாவது, ஜான் பனியனின் ‘மோட்சப் பிரயாணம்’. 1678ஆம் ஆண்டு வெளிவந்த முதல் பாகத்தில் நாயகன் குடும்பத்தை விட்டுத் தனியே புறப்படுகிறான். 1684இல் வந்த இரண்டாம் பாகத்தில் அவன் மனைவி நான்கு மகன்களோடு அதே வழியில் நடக்கிறாள். பிள்ளைகளை அனுப்பிவிட்டு அவள் வீட்டில் இருக்கவில்லை. இந்நூலைத் தழுவியே கிருஷ்ண பிள்ளை ‘இரட்சணிய யாத்திரிகம்’ பாடினார்.

அடுத்தது, லூயிசா மே ஆல்காட்டின் ‘லிட்டில் விமன்’ (1868). இதில் வரும் நான்கு சகோதரிகளுக்கும் பனியனின் கதைதான் வழிகாட்டி. கோபக்கார மகள் ஜோவிடம், தன் கோபத்தோடு 40 ஆண்டுகளாகத் தானும் போராடுவதாகத் தாய் மறைக்காமல் சொல்கிறார். அதன்பின் ஜோவுக்குத் தனி அறிவுரை தேவையில்லை.

மூன்றாவது, சி. எஸ். லூயிஸ் 1950இல் வெளியிட்ட முதல் நார்னியா கதை. இனிப்புக்கு மயங்கிய எட்மண்ட், உடன்பிறந்தவர்களைக் காட்டிக்கொடுக்கிறான். அவன் திரும்பி வந்ததும், நடந்ததை இனிப் பேச வேண்டாம் என்கிறது அஸ்லான் என்ற சிங்கம். பழைய தவற்றை விருந்தினர் முன் கிளறும் வீடுகளுக்கு இது அவசியமான பாடம்.

இந்த விடுமுறையில் ஒன்றையாவது சத்தமாக வாசியுங்கள். அம்மா அப்பாவையும் பக்கத்தில் உட்கார வையுங்கள்.