நோவுக்கு மருந்து, காலுக்கு நடை

மூட்டு மாற்றுச் சத்திரசிகிச்சைக்குப் பின் வீட்டில் கவனிக்க வேண்டியவை

இடம்பெயர்ந்த குடும்பங்களைச் சந்திக்கச் சென்ற வேளையில், உறவினர் வளவொன்றில் தகரக் கொட்டிலில் வாழும் ஒரு தாயைக் கண்டோம். வயது அறுபத்தெட்டு. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து கைக்குழந்தையுடன் வெளியேறியவர். அதற்கு முன் தமது சொந்தச் செம்மண் தோட்டத்தில் குந்தியிருந்து வெங்காயத்திற்குப் புல்லுப் பிடுங்கினார். அதற்குப் பின் பிறர் தோட்டங்களில் கூலிக்கு அதே வேலையைச் செய்தார். முழங்கால் மூட்டின் குருத்தெலும்பு தேய்ந்து, எலும்போடு எலும்பு உரசும் நிலை வந்தபின் அவருக்குச் செயற்கை மூட்டுப் பொருத்தப்பட்டது.

சத்திரசிகிச்சை முடிந்து மூன்றாம் கிழமை நாம் அங்கு சென்றோம். அவர் கட்டிலில் கிடந்தார். முழங்காலின் கீழ் இரண்டு தலையணைகள். "மடிக்க ஏலாது சுவாமி. மடிச்சா உயிர் போற மாதிரி நோகுது" என்றார். வைத்தியசாலையில் கொடுத்த குளிசைகள் எங்கே என்று கேட்டோம். தலைமாட்டில் ஒரு ரின்னுக்குள் பத்திரமாக இருந்தன. "மகனுக்கு நாரிப்பிடிப்பு. மூட்டை தூக்கிற பிள்ளை. அவனுக்கு உதவும் எண்டு வைச்சிருக்கிறன். நான் எப்பிடியும் பொறுத்துக்கொள்ளுவன்."

நாம் என்ன சொன்னோம்? "வேதனையை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்து நன்றாக ஓய்வெடுங்கள் அம்மா" என்று சொல்லி, செபித்துவிட்டு வந்தோம். அது தவறான ஆலோசனை. அவர் அடுத்த கிளினிக்கிற்குச் சென்றபோது முழங்கால் செங்கோணத்தில் பாதியளவுகூட மடியவில்லை. மீண்டும் வைத்தியசாலையில் தங்கவைத்து, மயக்க மருந்து கொடுத்து, காலை மடித்துவிட வேண்டியதாயிற்று. அதன் பின்னரே நாம் இவ்விடயத்தைக் கேட்டும் படித்தும் அறிந்தோம். அறிந்ததை இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

சத்திரசிகிச்சை பாதி, வீடு மீதி

தேய்ந்த மூட்டின் முனைகளைச் சீவி, அவ்விடத்தில் உலோகத்தையும் உறுதியான பிளாஸ்ரிக்கையும் பொருத்துவதே இச்சிகிச்சை. 1962இல் இங்கிலாந்தில் ஜோன் சார்ன்லி என்ற வைத்தியர் இடுப்பு மூட்டுக்குக் கண்ட முறையே இன்றைய முறைகளுக்கு அடிப்படை. நன்கு பேணினால் பெரும்பாலான செயற்கை மூட்டுகள் 15 முதல் 20 ஆண்டுகள் வரை உழைக்கும்.

ஆனால் மூட்டை மாத்திரமே வைத்தியர் மாற்றுகிறார். அதைச் சுற்றியுள்ள தசையும் நாரும் நம்முடைய பழையவையே. காயம் ஆறும்போது உள்ளே தழும்பு இழைகள் வளரும். அந்த நாட்களில் காலை மடக்கி நீட்டாவிட்டால், அந்த இழைகள் இறுகி மூட்டைப் பூட்டிவிடும். முதல் ஆறு கிழமைகளில் இழந்ததைப் பின்னர் மீட்பது கடினம்.

நோவு முதல் இரண்டு கிழமைகளில் கடுமையாக இருக்கும். பின்னர் படிப்படியாகக் குறையும். வீக்கமும் சூடும் மூன்று முதல் ஆறு மாதங்கள் நீடிக்கலாம். முழுப் பலன் தெரிய ஒரு வருடம்கூடச் செல்லலாம். இதை முன்கூட்டியே அறிந்திருந்தால் "சத்திரசிகிச்சை பிழைத்துவிட்டது" என்று மனம் உடைய வேண்டியதில்லை.

குளிசை ஏன், எப்படி?

நோக்குளிசை சுகமாகப் படுத்திருப்பதற்கு அல்ல, எழுந்து நடப்பதற்கே தரப்படுகிறது. நோவு உச்சத்திற்கு ஏறும்வரை காத்திருந்தால் பின்னர் அதை அடக்குவது கடினம். ஆகவே முதல் நாட்களில் சொல்லப்பட்ட நேரத்திற்கே எடுக்க வேண்டும். பயிற்சிக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரத்திற்கு முன் எடுப்பது நல்லது.

பரசிற்றமோல் (பனடோல்): வளர்ந்தவர்களுக்கு 500 மில்லிகிராம் குளிசை ஒரு தடவைக்கு இரண்டு. இடையில் குறைந்தது 4 மணி நேரம் விடவேண்டும். 24 மணி நேரத்தில் எட்டுக்கு மேல் கூடாது. மெலிந்தவர்களும், ஈரல் நோயுள்ளவர்களும், மது அருந்துபவர்களும் வைத்தியரைக் கேட்டு இதனிலும் குறைக்க வேண்டும். தடிமனுக்கு விற்கும் குளிசைகள் பலவற்றிலும் பரசிற்றமோல் உண்டு என்பதை மறக்கலாகாது.

டைக்ளோபினக், இபுபுரோபன்: இவை வீக்கத்தையும் தணிக்கும். ஆனால் வயிற்றுப் புண்ணையும் சிறுநீரகப் பாதிப்பையும் உண்டாக்கக் கூடியவை. வட மத்திய மாகாணத்திலும் வவுனியாப் பகுதிகளிலும் விவசாயிகளைச் சிறுநீரக நோய் வாட்டுவதை நாம் அறிவோம். ஆகவே கடையில் கேட்டு வாங்கி விழுங்க வேண்டாம்.

ரமடோல் போன்ற கடும் மருந்துகள்: குறுகிய நாட்களுக்கே உரியவை. தலைச்சுற்றும் மலச்சிக்கலும் வரும். நிறையத் தண்ணீர், பப்பாசிப்பழம், கீரை உதவும்.

ஒருவருக்குத் தந்த குளிசையை மற்றவர் உண்ணலாகாது. மகனின் நாரிப்பிடிப்புக்கு மகனே கிளினிக் செல்ல வேண்டும்.

குளிரும் தலையணையும்

ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி 15 முதல் 20 நிமிடம் வைத்தால் வீக்கமும் நோவும் தணியும். ஐஸ் இல்லாத வீட்டில் குளிர்ந்த கிணற்றுத் தண்ணீரைப் பொலித்தீன் பையில் இறுகக் கட்டி வைக்கலாம். காயம் நனையக் கூடாது. சுடு ஒத்தணம், எண்ணெய் பூசி உருவுதல், புக்கை கட்டுதல் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும்.

முழங்கால் மாற்றியவருக்குத் தலையணையை முழங்காலின் கீழ் வைக்காமல், குதிக்காலின் கீழ் வைக்க வேண்டும். முன்னையது இதமாகத்தான் இருக்கும். ஆனால் கால் மடிந்தபடியே இறுகி, நீட்ட முடியாமற் போகும்.

அன்றாடப் பயிற்சி

1. விழித்திருக்கும்போது மணிக்கொரு தடவை பாதத்தை மேலும் கீழும் பத்துத் தரம் அசைத்தல். இது இரத்தம் உறைவதைத் தடுக்க உதவும்.

2. காலை நீட்டி, முழங்காலின் பின்புறத்தைப் படுக்கையில் அமர்த்தி, தொடைத் தசையை 5 விநாடி இறுக்குதல். பத்துத் தரம்.

3. குதிக்காலைப் படுக்கையோடு இழுத்து முழங்காலை மடித்தல். கதிரையில் இருந்தும் இதைச் செய்யலாம். செங்கோணம் வரை மடிவதே முதல் இலக்கு.

4. சிறிது சிறிதாக நடத்தல். ஊன்றுகோலை நோகும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். படி ஏறும்போது நல்ல கால் முன்னே, இறங்கும்போது சிகிச்சை செய்த கால் முன்னே.

இவற்றை வைத்தியரோ இயன்மருத்துவரோ காட்டியபடி செய்யவும். பயிற்சியின்போது நோவு இருக்கும். அது ஓரிரு மணி நேரத்தில் தணிந்தால் பயமில்லை. இரவு முழுவதும் நீடித்தால் மறுநாள் சற்றுக் குறைக்கவும்.

இருக்கும் வீட்டில் செய்யும் ஒழுங்கு

குந்தியிருக்கும் மலசலகூடம் பெரும் இடைஞ்சல். பழைய கதிரையொன்றின் நடுவில் துளை வெட்டி, குழியின் மேல் ஆடாமல் வைத்தால் போதும். தச்சு வேலை தெரிந்த அயலவர் அரை நாளில் செய்து தருவார். பாயில் படுக்காமல், உயரமான கட்டிலில் அல்லது வாங்கில் படுக்க வேண்டும். இடுப்பு மூட்டு மாற்றியவர்கள் தாழ்ந்த ஆசனத்தில் இருத்தல், கால்மேல் கால் போடுதல், முன்னே வளைந்து நிலத்தில் கிடப்பதை எடுத்தல் ஆகியவற்றை வைத்தியர் சொல்லும் காலம்வரை தவிர்க்க வேண்டும். மூட்டு கழன்றுவிடக் கூடும்.

தோட்ட வேலைக்குத் திரும்பும்போது குந்தியிருந்து புல்லுப் பிடுங்குவதை விட்டு, நீண்ட பிடியுள்ள கருவியால் நின்று செய்யவும். செருப்பின்றித் தோட்டத்தில் இறங்க வேண்டாம். காலில் ஏற்படும் புண்ணிலிருந்தும் கிருமி இரத்தத்தின் வழியாகச் செயற்கை மூட்டைச் சென்றடையலாம். சீனி வருத்தம் உள்ளவர்கள் இதில் இருமடங்கு கவனமாயிருக்க வேண்டும்.

தாமதியாமல் வைத்தியசாலை செல்ல வேண்டிய அறிகுறிகள்: கெண்டைக்காலில் புதிய நோவும் வீக்கமும், நெஞ்சுநோ, மூச்சுத்திணறல், காயம் சிவத்தல், சீழ் வடிதல், காய்ச்சல், திடீரெனக் காலூன்ற முடியாமை.

சிலுவையும் குளிசையும்

நோவைப் பொறுப்பது புண்ணியம், மருந்தெடுப்பது பலவீனம் என்று நம்மவர் பலர் எண்ணுகின்றனர். திருச்சபை அப்படிப் போதிக்கவில்லை. 1957இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர், நோவைத் தணிக்க மருந்து பெறுவது தகும் எனத் தெளிவாகவே கூறினார். பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1994 ஏப்ரலில் வழுக்கி விழுந்து தொடையெலும்பு முறிந்து, செயற்கை இடுப்பு மூட்டுப் பெற்றார். ஒன்பது மாதங்களின் பின், 1995 ஜனவரியில், கொழும்புக் காலிமுகத்திடலில் யோசேவ் வாஸ் அடிகளாரை அருளாளராக உயர்த்த ஊன்றுகோலுடன் வந்தார். ஊன்றுகோல் பிடிப்பதில் வெட்கம் இல்லை. ஆலயத்தில் முழந்தாளிட முடியாதவர்கள் தயங்காமல் இருந்துகொண்டே செபிக்கலாம்.

நாம் குறிப்பிட்ட தாய் இப்போது குளிசையை நேரத்திற்கு எடுக்கிறார். முழங்கால் செங்கோணத்திற்கு மடிகிறது. அயலவர் செய்துகொடுத்த துளைக் கதிரை அவருடைய மானத்தையும் காத்தது. கடந்த ஞாயிறு கோவிலுக்குத் தாமே நடந்து வந்து, எம்மைக் கண்டு, "இப்பவும் ஓய்வெடுக்கச் சொல்லுவியளோ சுவாமி?" என்று கேட்டுச் சிரித்தார். நாம் தலைகுனிந்தோம்.

ஆண்டவர் முடக்குவாதக்காரனைக் குணமாக்கியபின் அவனைப் படுத்திருக்க விடவில்லை. எழுந்து நடக்கச் சொன்னார். நம் வீடுகளில் கட்டிலோடு கிடக்கும் தாய் தந்தையருக்கு நாம் செய்யும் உதவியும் அதுவே: நேரத்திற்குக் குளிசை, தோளுக்கு ஒரு கை, வாசல்வரை ஒரு நடை.